ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சொல்லைக் கற்றது

இன்று, செவ்வாய்க்கிழமை காலை 6.50 நிலவரம்: இரண்டாயிரம் வாழைக் கன்றுகளில் 1,310 புது இலை விட்டிருக்கின்றன. 288 செத்துவிட்டன. மீதி 402 பிழைக்குமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. தகவல் தந்தவர் ராயப்பன்பட்டிக்கு வெளியே சின்னதாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஜெயசீலி, தொலைபேசியில். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் அங்கே இருந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு வரிசை எண்ணி முடிக்க முடிக்க, பின்னாலேயே நானும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. அதனால் இந்தக் கணக்கை உறுதியானதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அவருக்கு வேண்டியது 1,500. ஏன் என்பதைப் பயணத்தின் வரிசையிலேயே சொல்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதும்படி வாசகர்கள் சிலர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன வருடம் வைகாசியில் போவதாக இருந்தோம். அதற்கு முன்னால் மனைவி காலமாகிவிட்டார். பதினான்கு மாதம் இந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. புனேயில் இருக்கும் மகன் ஆடி பிறந்த வாரம் ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். புது நிலைமைக்கு ‘அக்ளைமடைஸ்’ ஆக எல்லோருக்கும் காலம் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம் என்று. எனக்குப் பழக்கமான சொல்தான். நாளிதழில் செய்தி மொழிபெயர்க்கும் மேசையில் இருந்தபோது, பனிமலைக்குப் போகும் வீரர்கள், வெளிநாட்டிலிருந்து மிருகக்காட்சி சாலைக்கு வரும் விலங்குகள் என்று ஏதாவது ஒரு செய்தியில் வந்துகொண்டே இருக்கும். ‘தட்பவெப்பத்துக்குப் பழகுதல்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். மகனுடைய செய்திக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. மறுநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆடி வெள்ளி அது. மதுரையிலிருந்து போடி ரயில் காலை 8.20க்கு. தேனிக்குச் சீட்டு 20 ரூபாய். உசிலம்பட்டி வரை நல்ல கூட்டம், கோயிலுக்குப் போகும் மஞ்சள் சேலைகள். ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் மெதுவாக ஏறும்போது வலப்பக்க ஜன்னலோ இடப்பக்க ஜன்னலோ எது கிடைத்தாலும் சரி, இரண்டு பக்கமும் மலை தெரியும். 9.45க்குத் தேனி. ரயில் நிலையத்திலிருந்து புதிய பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ 80 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். அங்கிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 35 ரூபாய்.

பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்திருந்தேன். நடத்துநர் அதைப் பார்த்துவிட்டு, “ரெண்டா?” என்றார்.

“ஒண்ணுதான்.”

“அப்பப் பையை மடியில வைங்க. வீரபாண்டியில கூட்டம் ஏறும். நின்னுக்கிட்டு என்னையத்தான் வைவாக.”

வைத்துக்கொண்டேன். வீரபாண்டியில் அவர் சொன்னபடியே கூட்டம் ஏறியது.

சின்னமனூர் தாண்டினால் இரண்டு பக்கமும் வாழையும் தென்னையும் நெல்லும்தான். மேற்கே மலை கூடவே வரும். ஆடியில் அந்த மலை இடைவெளிகள் வழியாகக் காற்று இறங்குகிறது. கேரளப் பக்கம் மழையை இறக்கிவிட்டு வரும் காற்று, இந்தப் பக்கம் வெறும் கையோடு வருகிறது. கம்பத்தில் இறங்கும்போது தலையில் இருந்த தொப்பி போய்விட்டது. ஒரு பூக்கடைக்காரர் காலால் மிதித்துப் பிடித்துக் கொடுத்தார்.

விடுதி அறை 850 ரூபாய். இருவர் அறைதான் இருந்தது. இந்தக் கட்டுரையில் உள்ள செலவெல்லாம் ஒருவருக்கானது. இருவராகப் போகிறவர்கள் அறை வாடகையை விட்டுவிட்டு மற்றதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். முந்தைய கட்டுரைகளில் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருப்பேன்.

மாலை ஐந்தரைக்கு மேல் குமுளி சாலையில் நின்றால், மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போன பெண்கள் ஜீப்புகளில் திரும்பி வருவதைப் பார்க்கலாம். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ண முயன்றேன், பதினைந்தில் தவறிவிட்டது. இறங்கும்போதே அடுத்த நாள் யார் எங்கே நிற்பது என்று பேசி முடித்துவிடுகிறார்கள். நான் யாரிடமும் பேசவில்லை. இரண்டு தோசை, ஒரு தேநீர், 75 ரூபாய், எட்டரைக்குப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை 7.40க்குக் கம்பத்திலிருந்து நகரப் பேருந்தில் காமயகவுண்டன்பட்டி. உள்ளூரில் கே.கே.பட்டி என்றால்தான் நடத்துநருக்கே புரியும். திராட்சைத் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் இங்கே இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் பந்தல்தான். கல்தூண் நட்டு, கம்பி பின்னி, கொடியைத் தலைக்கு மேல் படரவிட்டிருப்பார்கள். குனிந்து நுழைந்தால் வெயில் பொட்டுப் பொட்டாக விழும்.

நான் போய் நின்றது பழம் இல்லாத தோட்டம். நான்கைந்து பேர் கொடியை அறுத்துக் கம்பியை உருவிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவர் என் கையில் கேமராவைப் பார்த்துவிட்டு, “என்ன சார், போட்டாவா? பழம் இருக்கிற தோட்டம் அங்கன இருக்கு. இங்கன வெறகுதான் கெடக்கு” என்றார்.

அவர்தான் பெருமாள். ஐம்பத்தெட்டு வயது, தோட்டத்தின் சொந்தக்காரர். இருபத்திரண்டு வருடக் கொடி என்றார். மூன்று பருவமாகப் பழம் கனியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு வெடிக்கிறது, இனி வாழை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் இல்லை. பத்திரிகையில் இருந்தவன் என்று சொன்னேன்.

“அப்ப வாங்க. ராயப்பன்பட்டியில என் கன்னு வளருது, பாக்கப் போறேன். பைக்குல ஒம்பது கிலோமீட்டர். எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆச்சு.”

வழியெல்லாம் அவரே பேசினார். பள்ளத்தாக்கில் இப்போது தாய் வாழையடியில் முளைக்கும் பக்கக் கன்றை வாங்குகிறவர்கள் குறைவு. ஆய்வகத்தில் கண்ணாடி பாட்டிலுக்குள் வளர்த்த திசு வாழைக் கன்றுதான் வாங்குகிறார்கள். விரல் நீளம் இருக்கும். அதை அப்படியே கொண்டுவந்து வயலில் வைத்தால் அன்றைக்கே செத்துவிடும். அதனால் நடுவில் ஒருவர் அதை வாங்கி, பிளாஸ்டிக் மூடாக்குக்குள் வைத்து, வெளிக்காற்றுக்குப் பழக்கித் தர வேண்டும். ஹார்டனிங் என்பார்கள். ஜெயசீலி அதில் கைராசிக்காரர். சின்னமனூர்ப் பக்கம் ஒரு பெரிய பண்ணையில் பதினோரு வருடம் வேலை செய்தவர், இப்போது முதன்முறையாகத் தனியாகப் பண்ணை போட்டிருக்கிறார். முதல் தொகுப்பை வாங்கிக்கொள்வதாகச் சொன்னது பெருமாள்.

“அந்தப் புள்ள கை வச்சா எதுவும் சாகாது சார்” என்றார், பைக்கை நிறுத்திக்கொண்டே.

பச்சை வலை போட்ட கொட்டகை. உள்ளே நாற்பதடி நீளத்துக்கு, இடுப்பளவு உயரத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் கூண்டு ஒன்று, குகை மாதிரி. அதற்குள் தட்டுத் தட்டாகக் கன்றுகள். வாசலில் ஜெயசீலி நின்றிருந்தார். நாற்பத்து நான்கு வயது. கணவர் சவூதியில் ஓட்டுநர், மகன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறையில் அவர் மட்டும். எங்களைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லவில்லை. பெருமாள் பிளாஸ்டிக் வழியாக உள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். இலைகள் ஓரம் கருகித் தட்டின்மேல் படுத்துக் கிடந்தன. எல்லா இலைகளும்.

“ஏத்தா, என்னத்தா இது? வேகவச்ச கீரை கணக்காக் கெடக்கு?”

“வியாழக்கெழம காத்துப் பட்டுருச்சுண்ணே.”

“காத்து எப்படிப் படும்? மூடித்தான வச்சிருக்க?”

“தொறந்துட்டேன்.”

“ஆறாம் நாளா? யாரு சொல்லித் தொறந்த?”

“சாமி வந்தாக. மந்திரிக்க.”

பெருமாள் என்னைப் பார்த்தார், தான் கேட்டது சரிதானா என்று என்னிடம் கேட்பதுபோல. அந்த ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் புதுக் கிணறு, புது வண்டி, விதைப்பு எதுவானாலும் பாதிரியாரை அழைத்துத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் தொடங்குவதில்லை. ஜெயசீலி பாதிரியாரை வியாழன் காலை பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார். பத்து இருபதுக்கு மூடாக்கைத் தூக்கிக் கட்டிவிட்டார். பாதிரியார் வரும் வழியில் பக்கத்து ஊரில் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்று அழைப்பு வந்து, அங்கே போய்விட்டார். வந்து சேர்ந்தது பன்னிரண்டு பத்துக்கு.

“நாங்களும் பொங்க வைக்கிறோம், கெடா வெட்டுறோம்” என்றார் பெருமாள். “அதுக்காக பெத்த புள்ளைய அம்மணமா வெயில்ல நிப்பாட்டி வச்சுக்கிட்டா பூசாரிக்குக் காத்துக் கெடப்போம்? சாமி வந்தப்பெறகு தூக்குனா ஆகாதா?”

“இந்தா வந்துட்டாக, இந்தா வந்துட்டாகன்னே ஒவ்வொரு நிமிசமும் போச்சுண்ணே. வந்து நிக்கிறப்ப நான் கயிறை அவுத்துக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?”

“தூக்கவே வேணாம்ல. மேலயே தெளிச்சுட்டுப் போகட்டுமே.”

“பிளாஸ்டிக்கு மேல தெளிச்சா அது பிளாஸ்டிக்குக்குத்தானண்ணே சேரும்.”

பெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று கோபமும் வந்தது. துண்டை அவிழ்த்து உதறினார். “இங்க பாரு தாயி. குழி எடுத்தாச்சு, சொட்டுநீர் கொழாய் போட்டாச்சு, ஆயிரத்தைநூறு. ஒரே தொகுப்பா நட்டாத்தான் ஒரே சமயத்துல தார் வரும், யாவாரி ஒரே வெட்டா எடுப்பான். பாதி உங்கிட்ட, பாதி வேற எடம்னு வாங்குனா ஒண்ணு முந்தும் ஒண்ணு பிந்தும். நான் தோட்டத்தையே அறுத்துப் போட்டுட்டு நிக்கிறேன். இதப் பாத்தா ஒண்ணுகூடத் தேறாது போலருக்கே.”

ஜெயசீலி அறைக்குள் போனார். ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு பக்கத் தாள் ஒன்றை எடுத்துவந்து, பெருமாளிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினார்.

“சார், பேப்பர்காரர்னு அண்ணன் எறங்கும்போதே சொன்னாக. பாட்டிலோட வந்த தாளு இது. இங்கிலீசு. சத்தமா வாசிச்சு அண்ணனுக்கு அர்த்தம் சொல்லுங்க.”

மேலே பெரிய எழுத்தில் அந்தச் சொல்தான் இருந்தது: அக்ளைமடைசேஷன். மகனுடைய செய்தியில் பார்த்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாசித்தேன்.

“அப்டின்னா?” என்றார் பெருமாள்.

“தட்பவெப்பத்துக்குப் பழகுதல்” என்றேன், மேசைப் பழக்கத்தில்.

“வெப்பமே இன்னும் இதுக்கு ஆகாதே சார்” என்றார் ஜெயசீலி. “கீழ போட்டிருக்கான் பாருங்க. அங்கன அங்கன கோடு போட்டு வச்சிருக்கேன்.”

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர் எப்படிச் சரியான இடத்தில் கோடு போட்டார் என்று கேட்டேன். பழைய பண்ணையில் ஒருமுறை மேலாளரைச் சொல்லச் சொல்லிப் போட்டதாம், அதே தாள்தான் எங்கேயும் வரும், அதைப் பார்த்து இதிலும் போட்டிருக்கிறார். கோடு போட்ட வரிகளின் பொருள் இதுதான். பாட்டிலுக்குள் காற்று முழுக்க ஈரம். அதனால் அங்கே வளர்ந்த இலைக்குத் தண்ணீரைக் காத்துக்கொள்ளத் தெரியாது, மேலே மெழுகு படிந்திருக்காது. வெளியே வந்தால் அந்த இலை எப்படியும் வாடித்தான் சாகும். மெதுவாகவோ சீக்கிரமாகவோ. கன்று பிழைத்ததா என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது. நடுவிலிருந்து, புது இடத்தில், புதிதாக ஓர் இலை விடுகிறதா என்று பார்க்க வேண்டும். இருபத்தோராம் நாளுக்கு முன் எதையும் பிடுங்கி எறியக் கூடாது, தண்டு அழுகியதைத் தவிர.

பெருமாள் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “சட்டை மடிப்புக் கலையாத ஆளு வாசிச்சா நான் நம்பிருவேன்னு கூட்டியாந்த எனக்கே ஆப்பு வச்சுட்ட பாரு” என்றார். பிறகு, “இருபத்தோரு நாள்னா என்னைக்கு?”

“வர்ற வெள்ளி போக, அடுத்த வெள்ளிண்ணே.”

“காலைல பத்து மணிக்கு வருவேன். புது இலை விட்ட கன்னு ஆயிரத்தைநூறு இருந்தா எடுத்துக்கிறேன். ஆயிரத்து நானூத்தித் தொண்ணூறு இருந்தாலும் பெரிய பண்ணைக்குத்தான் போவேன். கோவிச்சுக்காத.”

“கோவம் என்னண்ணே. காப்பி குடிச்சுட்டுப் போங்க.”

குடித்துவிட்டுத்தான் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை சுருளி அருவிக்குப் போவதாகத் திட்டம். போகவில்லை. காலை ஏழு மணிக்கு உத்தமபாளையம் வந்து, அங்கிருந்து ராயப்பன்பட்டிக்கு ஏழு கிலோமீட்டர். ஞாயிறு என்பதால் பேருந்து சரியாக இல்லை. ஆட்டோவுக்கு 150 கொடுத்தேன். செய்தி பாதியில் நின்றால் எனக்குத் தூக்கம் வராது. அதுதான் காரணம் என்று எழுதிவைக்கிறேன். வேறு போக்கிடம் இல்லாததும் ஒரு காரணம்.

ஜெயசீலி அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் நாலு பேர் கேட்டார்களாம், மந்திரிச்ச கன்று எப்படி இருக்கிறது என்று. “நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன் சார். கோயில் வாசல்லயே பொய்யி” என்றார். சிரிக்கவில்லை.

என்னைப் பார்த்ததில் அவருக்கு ஒரு நிம்மதி. நான் யார் என்பதால் இல்லை, இரண்டு கை இருந்ததால். நாற்பதடி மூடாக்கை ஆடிக் காற்றில் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பழைய பண்ணையில் இருபுறமும் ஆள் நிற்பார்கள். இங்கே ஒரு முனையைக் கல்லை வைத்துக் கட்டிவிட்டு, மறுமுனைக்கு ஓடுவாராம். அதற்குள் காற்று இந்த முனையைப் பிடுங்கிவிடும். வியாழக்கிழமை தூக்கிக் கட்டியதை மறுபடி இறக்கித் தூக்க யோசித்ததற்கு அதுவும் காரணம் என்பதை அப்போதுதான் சொன்னார். பெருமாளிடம் இதைச் சொல்லவில்லை.

“ஏன் சொல்லலை?”

“ஒத்த ஆளுன்னு தெரிஞ்சா அடுத்த தடவையும் யோசிப்பாகள்ல.”

அன்று, கன்றுகளைப் பாட்டிலிலிருந்து எடுத்து வைத்த ஒன்பதாம் நாள். விபத்துக்குப் பிறகு முதல்முறையாகத் திறக்கும் நாள். மூடியே வைத்தால் வேரும் தண்டும் அழுகும், திறந்தால் காய்ந்துவிடும். அதனால் முதல் நாள் பத்து நிமிடம், காலை எட்டு மணிக்குள், காற்று எழும் முன். மறுநாள் பதினைந்து. அதற்கு மறுநாள் இருபது. பிறகு மணிக்கணக்கில் கூட்டி, இரண்டு வாரத்தில் பகல் முழுக்க. “பாவம் பாத்து ஒரு நாளு கூடுதலாத் தொறந்தாலும் போச்சு, பயந்துக்கிட்டு ஒரு நாளு தொறக்காம விட்டாலும் போச்சு” என்றார்.

7.48க்குத் தூக்கினோம். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை, நடுவில் இரண்டாயிரம் கன்று. உள்ளேயிருந்து ஈரமான மண்ணும் தென்னைநார்க் கழிவும் கலந்த வாசம் வந்தது. பிளாஸ்டிக் என் கையில் படபடத்தது. அவர் கைபேசியில் நேரம் வைத்திருந்தார். கன்றுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மறுபடி இந்த ஓரம். பத்து நிமிடம் அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. காலம் பிடிக்கும் என்று மகன் எழுதியிருந்தான். இங்கே காலம் தானாக எதையும் செய்யவில்லை, ஒருவர் தினமும் வந்து அளந்து திறக்க வேண்டியிருந்தது. பதினான்கு மாதத்தில் நான் ஒரு நாளும் மூடாக்கைத் தூக்கவில்லை என்று தோன்றியது. அதை அங்கேயே விட்டுவிட்டுக் கையில் இருந்த பிளாஸ்டிக்கைக் கவனித்தேன்.

7.58க்கு இறக்கினோம். தெளிப்பானைத் திறந்து புகைமாதிரி நீர் விட்டார். பிறகு எண்ணத் தொடங்கினார். குனிந்து, கருகிய இலைகளை விரலால் விலக்கி, நடுவில் பார்ப்பார். அரிசி முனை அளவுக்கு வெளிர்பச்சையாக ஒன்று சுருண்டு நின்றால் அது குருத்து. அன்று மொத்தம் கிடைத்தது 63. நானும் எண்ணினேன், 63.

“கம்மியா?” என்றேன்.

“ஒம்பதாம் நாளுக்கு இதே அதிகம் சார். அங்கன இருந்தப்பயும் பன்னெண்டு, பதிமூணுக்கு மேலதான் தெரியும்.” அப்போதுதான் முதல்முறையாக உட்கார்ந்தார்.

எட்டரைக்கு அவருடைய பழைய முதலாளி கூப்பிட்டார். கையில் மண் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டார். நான் எழுந்து தள்ளிப் போகப் பார்த்தேன், உட்காருங்க என்று கை காட்டினார்.

“ஏ ஜெயசீலி, கேள்விப்பட்டேன். மந்திரிக்கப் போயி மண்ணாப் போச்சாமே?”

“மண்ணாவெல்லாம் போகலண்ணே. காத்துப் பட்டுருச்சு.”

“சரி விடு. உன் எடத்துல ஒரு பயலப் போட்டேன், நானூறு கன்னக் கொன்னுட்டான். நீ வந்துரு. அதே வேலை, அதே சம்பளம், ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். வர்ற வெள்ளி போக அடுத்த வெள்ளி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல வேற ஆளு போட்டாகணும்.”

“அந்த வெள்ளிக்கெழமையே சொல்றேண்ணே.”

“இப்பவே சொல்லேத்தா. என்ன யோசனை?”

“எண்ணிக்கிட்டு இருக்கேண்ணே. முடிஞ்சதும் சொல்றேன்.”

வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிப்போயிருக்கிறார் என்றார் என்னிடம். பிறகு ஏன் அங்கிருந்து வந்துவிட்டீர்கள் என்று கேட்டேன். பத்திரிகைக்காரனின் கேள்வி. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்.

“பதினோரு வருசத்துல எத்தன லச்சம் கன்னு என் கையில போயிருக்கும்னு எனக்கே தெரியாது சார். ஒவ்வொரு பையிலயும் பண்ணை பேரு ஒட்டுவோம். நானேதான் ஒட்டுவேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாங்குற ஆளு கையில குடுத்து இது என் கன்னுன்னு சொல்லணும். தோத்துட்டுத் திரும்பிப் போனா அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. அதான் சார் சங்கடம். ஒண்ணுமே சொல்ல மாட்டாக.”

பத்தரை வரை இருந்தேன். மதியம் சாப்பிட்டுப் போகச் சொன்னார். உத்தமபாளையத்தில் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு காரணம் சொல்லிக் கிளம்பினேன். பேருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று இருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று கம்பம் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேருக்காகச் சமைத்த சோற்றுக்கு முன்னால் உட்காரத் தயாராக இல்லை என்பதுதான் உண்மை. விடுதிக்கு எதிரே ஓர் உணவகத்தில் அளவு சாப்பாடு, 90 ரூபாய்.

திங்கள் காலை தேனி வந்து, மதுரைக்குப் பேருந்திலேயே திரும்பினேன். இறங்குவதற்குள் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன், இன்று எத்தனை என்று. 118 என்று பதில் வந்தது. அன்றிலிருந்து தினமும் காலை அவர் எண்ணி முடித்ததும் கூப்பிடுகிறார். இரண்டு நிமிடம்கூட இருக்காது. எண்ணைச் சொல்வார், காற்று எப்படி என்று சொல்வார், எத்தனை நிமிடம் திறந்தார் என்று சொல்வார். புதன்கிழமை ஒரு முனையில் கல்லுக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய குடங்களைக் கட்டி, தனியாகவே தூக்கிவிட்டதாகச் சொன்னார். மகனுக்கு நானும் பதில் எழுதிவிட்டேன். சொல்லுக்கு நான் இத்தனை நாள் போட்டுவந்த மொழிபெயர்ப்பு பாதிதான் சரி, மீதியை நீ வரும்போது சொல்கிறேன் என்று.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆடியில் போனால் காற்றுக்குத் தயாராகப் போங்கள். தொப்பிக்குக் கயிறு இருக்கட்டும், கண்ணில் மண் விழும். திராட்சைக்காக மட்டும் போகிறவர்கள் எந்தத் தோட்டத்தில் எப்போது கவாத்து முடிந்தது என்று கேட்டுக்கொண்டு போங்கள். வருடம் முழுக்க எங்காவது பழம் இருக்கும், நீங்கள் நிற்கும் இடத்தில் இருக்காது. கேட்காமல் குலையில் கை வைக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். சுருளிக்கு ஆடி அமாவாசையை ஒட்டிப் போக வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது. கிராமங்களுக்கு நகரப் பேருந்து போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதை நம்பாதீர்கள். ரயில் நேரம் மாறக்கூடியது, கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். நாற்றுப் பண்ணைகளில் செருப்போடு நுழையாதீர்கள், நாம் கொண்டுபோகும் மண்ணில் கன்றுக்கு ஆகாதது இருக்கலாம். எந்த மூடாக்கையும் படம் எடுப்பதற்காகத் தூக்கச் சொல்லாதீர்கள். தனியாகப் போகிறவர்களுக்கு ஒன்று: யாராவது சாப்பிட்டுப் போகச் சொன்னால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

நிலுவையில் இருப்பது: முடிவு தெரியாத 402 கன்றுகளில் இன்னும் 190 குருத்து விட வேண்டும். நேற்றிலிருந்து இன்றைக்குக் கூடியது 74. இதே கணக்கில் போனால் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளில் 222 வரும். ஆனால் கடைசியில் மிஞ்சுபவை எப்போதும் மெதுவானவை, நாளுக்கு நாள் குறையும் என்று ஜெயசீலி சொல்கிறார். பழைய முதலாளிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் எண்ணி முடித்துவிடுவார். பெருமாள் பத்து மணிக்கு வருகிறார். நான் வியாழக்கிழமை காலை 8.20 ரயிலில் போகிறேன், மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.